பங்குத் தந்தை தடைசெய்யாத படம்

போ ஆற்றங்கரை,
நவம்பர் 1984, சனிக்கிழமை

அன்பு மிகுந்த மச்சான் லிவியோ அவர்களுக்கு,

உங்கள் தங்கை இனேஸின் கணவன் ஒத்தோரினோ எழுதிக்கொள்வது. இங்கே நானும் அவளும் நம் சினிமாக் கொட்டகையும் கடவுள் கிருபையால் இன்னும் நிற்கிறோம். பொலோஞாவில் நீங்களும் உங்கள் பட விநியோகமும் செழிக்க வேண்டுகிறேன்.

நீங்கள் அனுப்பிய படம் வந்தது. இருபத்திரண்டு வயதுக் கல்லூரிக்காரன், கடற்கரையில் அறை வாடகைக்கு விடும் விதவை, ஒரு கோடை, அவன் வாழ்க்கையைக் கற்றுக்கொள்கிறான். இப்போதெல்லாம் எந்த நாட்டுப் படத்திலும் எவனோ ஒருவன் கோடையில்தான் வாழ்க்கையைக் கற்றுக்கொள்கிறான், குளிர்காலத்தில் ஒருவனும் கற்பதில்லை. சுவரொட்டியில் விதவையின் முதுகைப் பார்த்ததுமே கொட்டகை பிழைத்தது என்று நிமிர்ந்து நடந்தேன். தனியார் தொலைக்காட்சி வந்தபின் எல்லா முதுகும் வீட்டுக்கே இலவசமாக வந்துவிடுகிறது, இதுவும் ஓடாவிட்டால் கொட்டகையை நாற்காலி வியாபாரி கல்வானிக்கு விற்றுவிடுவதாக உங்கள் தங்கை சொல்லிவிட்டாள்.

எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பங்குத் தந்தை எர்மெத்தே முதலில் தனியாகப் பார்ப்பார், பிறகு கோயில் கதவில் தாள் ஒட்டுவார். ‘யாரும் பார்க்கலாகாது’ என்றால் பக்கத்து ஊர்க்காரனும் சைக்கிளில் வருவான். ‘பார்க்கலாம்’ என்றால் ஈ காக்கை வராது. அதனால் அவரை நன்றாகக் கவனித்தேன். மதியம் விலாங்கு மீன் குழம்பு, வயிறு நிறைய ஒயின், பிறகு மெத்தை போட்ட இருக்கை. நான் மேலே படம் ஓட்டினேன். முடிந்து வெளியே வந்தவர் முகம் தெளிந்திருந்தது, கன்னத்தில் மெத்தைத் தையலின் தடம்.

“எப்படி சாமி இருந்துச்சு?”

“அமைதியான படம்ப்பா. மனசுக்கு இதமா இருந்துச்சு.”

“அந்த விதவை?”

“பாவம், நல்ல பொம்பள.”

தாளில் எழுதினார்: ‘குடும்பத்தோடு பார்க்கலாம்’. நேற்று முதல் காட்சிக்கு ஓர் ஆண்பிள்ளைகூட வரவில்லை. வந்தது கோயிலுக்குப் பூ வைக்கும் பெண்கள் மட்டும், கையில் பின்னல் வேலையோடு. பின்னல் ஒரு வரிசைகூட ஏறவில்லை. நான் சாமியிடம் ஓடினேன்.

“தயவுபண்ணி தடை பண்ணுங்க சாமி.”

“நல்லதைக் கெட்டதுன்னு எழுதச் சொல்றியா? போய் வேலையைப் பாரு.”

ஆகவே கொட்டகையை விற்கிறோம். திங்களன்று வண்டி அனுப்பிப் படப்பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். கல்வானி எனக்கு வேலை தருகிறார். சோபா விற்பதில் என்னை மிஞ்ச இந்த மாவட்டத்தில் ஆளிருக்காது. எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை. அப்பா கட்டிய கொட்டகை என்பதால் கொஞ்சம் இருக்கிறது.

உங்கள் மனைவிக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி.

உங்கள்,
ஒத்தோரினோ

பி.கு.: இதைத் தபாலில் போடக் கோயில் வழியாகப் போனேன். பின்னல் பெண்கள் காலையிலேயே ஒருவர் விடாமல் சாமியிடம் தங்கள் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சாமி சிவந்த முகத்தோடு பழைய தாளைக் கிழித்துக்கொண்டிருந்தார். புதிய தாளில் ‘யாரும் பார்க்கலாகாது’, அடியில் இரண்டு கோடு.

“நல்ல படம்னீங்களே சாமி?”

“எப்படித் தெரிஞ்சுதுன்னு நான் சொல்லக் கூடாது. நீ இனிமே மதியத்துல எனக்கு ஒயின் ஊத்தாதே.”

வண்டி அனுப்ப வேண்டாம். மேலே எழுதியது எதுவும் செல்லாது. மாலைக் காட்சிக்கு வரிசை ரொட்டிக் கடையைத் தாண்டி நிற்கிறது. தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக் கல்வானியும் அதில் நிற்கிறார். டிக்கெட் ஜன்னலிலிருந்து உங்கள் தங்கை ஊருக்கே கேட்கும்படி விசாரித்தாள்:

“என்ன கல்வானி, கொட்டகைய அளவெடுக்க வந்தீங்களா?”