லிமிடெட் ஸ்லிப் என்று நான் சொன்ன லொறி

எங்கள் வீட்டில் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அந்தத் துணிவில்தான் இதை எழுதுகிறேன். அப்பா கையெழுத்து மட்டும் போடுவார். அம்மாவுக்குப் பெருவிரல்தான். இந்தப் பக்கத்தை முன்னறைக் கதிரையில் விரித்து வைத்துவிட்டுப் போனாலும் எனக்கு ஆபத்தில்லை.

தொழில்நுட்பக் கல்லூரியில் வாகனத் தொழில்நுட்பம் படித்தேன். வகுப்பில் ஒரே பெண். சான்றிதழ் கிடைத்ததும் அம்மா அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, பிள்ளையாருக்கும் முருகனுக்கும் நடுவில் மாட்டிவிட்டார். தினமும் காலையில் எனக்கும் சேர்த்துச் சாம்பிராணி. (இப்படி வளர்ந்த பிள்ளைக்குத் தலைக்கனம் வராமல் வேறென்ன வரும், சொல்லுங்கோ.)

அப்பா சல்லி என்கிற எங்கள் ஊர்க் கரையில் மீன் வாங்கிச் சந்தைக்குக் கொடுப்பவர். வள்ளங்கள் நிற்கும் இடத்துக்கும் தார் றோட்டுக்கும் இடையில் கால் புதையும் மணல். மீனும் ஐசும் நிறைந்த வெள்ளை நுரை றெஜிபோம் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தோளில் வைத்து அந்த மணலைக் கடப்பார். வலது முழங்கால் அப்போதே முனகத் தொடங்கியிருந்தது. வள்ளத்தடிக்கே இறங்கி, பெட்டிகளை ஏற்றிக்கொண்டு திரும்பி ஏறக்கூடிய ஒரு லொறி கிடைத்தால் அவர் சுமப்பதை விட்டுவிடலாம். ஓட்டுவதற்கு நான் இருந்தேன்.

எந்த லொறி மணலில் ஏறும் என்று கேட்டார். கேட்டிருக்கக் கூடாது. ஒரு மணி நேரம் விளக்கினேன். பின் அச்சின் நடுவே குண்டாகத் தெரிவது டிஃபரன்சியல். அது ஓப்பன் வகை என்றால், ஒரு சில்லு மணலில் வழுக்கத் தொடங்கியதும் அது மட்டும் சுற்றும், மற்றது பேசாமல் நிற்கும். லிமிடெட் ஸ்லிப் என்றால் மற்றச் சில்லுக்கும் இழுவை போகும், லொறி ஏறிவிடும். அப்பா அதில் ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டார். லிமிடெட்.

குறிஞ்சாக்கேணியில் ஒரு முஸ்லிம் நானா பழைய லொறி விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனோம்.

"நானா, இது லிமிடெட்டோ?" என்று கேட்டார் அப்பா, வளவுக்குள் கால் வைத்ததுமே.

"அதெல்லாம் எனக்குத் தெரியா அண்ணன். நான் நெல்லுத்தான் ஏத்தினனான். மணலுக்க ஒரு நாளும் இறக்கயில்ல. மணல் வேலைக்கெண்டா வேற பாருங்க."

தன் பொருளைத் தானே குறைத்துச் சொன்ன மனிதர். அத்தோடு கும்பிட்டுவிட்டுத் திரும்பியிருக்கலாம். "பொறுங்கோ நானா, நான் பார்த்துச் சொல்லுறன்" என்றேன்.

முறைப்படி இரண்டு பின்சில்லுகளையும் நிலத்திலிருந்து தூக்க வேண்டும். ஒன்றைக் கையால் சுற்றும்போது மற்றது எதிர்த்திசையில் சுற்றினால் ஓப்பன், ஒரே திசையில் சுற்றினால் லிமிடெட் ஸ்லிப். நானாவிடம் இருந்தது தூக்கும் ஜக்கு ஒன்றே ஒன்று. ஒரு சில்லை மட்டும் தூக்கிப் பார்க்கும் முறையும் உண்டு. தூக்கிய சில்லு இலகுவாகச் சுற்றினால் ஓப்பன், இறுக்கமாகச் சுற்றினால் மற்றது. அப்பா முன்சில்லுகளுக்குக் கல் அண்டை கொடுத்தார். நான் கியரை நியூட்ரலில் போட்டேன், ஹேண்ட் பிரேக்கை விடுவித்தேன், இடது பின்சில்லைத் தூக்கினேன். பிறகு அடியில் நுழைந்து படுத்தேன். லிமிடெட் ஸ்லிப் என்றால் அதற்கென்று தனி ஒயில் ஊற்றச் சொல்லும் தகடு ஒன்று அந்தக் குண்டில் இருப்பதுண்டு. குண்டு முழுக்க வயல் சேறு காய்ந்து கிடந்தது. சேற்றுக்குக் கீழே தகடு நிச்சயம் இருக்கும் என்று முடிவு செய்தேன். (சுரண்டிப் பார்க்க விரல் இருந்தது. நகத்தில் அழுக்குப் படும்.)

வெளியே வந்து சில்லைப் பிடித்துச் சுற்றினேன். அசையவில்லை. இரண்டு கையாலும் தொங்கினேன். ம்ஹூம்.

"தங்கச்சி, அது இறுகியெல்லோ கிடக்கு?" என்றார் நானா.

"அதுதான் நானா லிமிடெட் ஸ்லிப். உங்கட லொறியின்ர அருமை உங்களுக்கே தெரியேல்லை."

லிமிடெட் ஸ்லிப் சில்லும் பலம் கொடுத்தால் முரண்டு பிடித்தாவது சுற்றும். ஒரு மயிரிழைகூட அசையாத சில்லைக் கண்டால் யோசிக்கத் தெரிந்தவர் சந்தேகப்படுவார். நானோ சாம்பிராணி காட்டப்பட்டவள். நானா என்னையும் லொறியையும் மாறி மாறிப் பார்த்தார். அப்பா என்னை மட்டும் பார்த்தார். அப்படிப் பூரித்த முகத்தை அவருக்கு நான் அதற்கு முன் கண்டதில்லை.

லொறியை வாங்கிவந்து கரையில் இறக்கிய முதல் நாள் திருவிழாக் கூட்டம். அம்மா கற்பூரம் கொளுத்தினார். நான் ஓட்டுநர் இருக்கையில், முதுகை நிமிர்த்தி. இறங்குவது சுகமாகத்தான் இருந்தது. பதினொரு பெட்டி ஏற்றினோம். திரும்பி ஏற மிதித்தேன். இடது பின்சில்லு வெறி பிடித்துச் சுற்றியது, தள்ள வந்தவர்களின் வாயிலும் கண்ணிலும் மணலை அள்ளி எறிந்தது. வலது பின்சில்லு மாமியார் வீட்டுக்கு விருந்து வந்த மாப்பிள்ளை மாதிரி அசையாமல் இருந்தது. லொறி அச்சுவரை புதைந்தது.

பக்கத்து வள்ளத்துச் சிவம் அண்ணை மணலைத் துப்பிவிட்டுக் கேட்டார். "பிள்ளை, மற்றச் சில்லுக்குச் சம்பளம் குடுக்கேல்லையோ?"

கரை முழுக்கச் சிரித்தது. வள்ளம் இழுக்கும் உழவு இயந்திரம் வந்து எங்களை இழுத்தெடுத்தபோது வெயில் ஏறி, மீன் இளகிவிட்டிருந்தது.

பின்னேரம் வீட்டு வளவில் அதே சில்லை மறுபடி தூக்கினேன். ஒரு விரலால் தட்டினேன். பம்பரமாகச் சுற்றியது. சேற்றைச் சுரண்டினேன். தகடும் இல்லை, ஒன்றும் இல்லை. அப்பா பின்னால் வந்து நின்றார்.

"பிள்ளை, கீழ படுக்கப் போறியோ? ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிடட்டோ?"

"ஏனப்பா?"

"அண்டைக்கு நானான்ர வளவிலயும் அந்தக் கல்லு காணாதெண்டு நீ கீழ கிடக்கேக்க நான்தானே இழுத்துவிட்டனான். உருண்டு உன்ர மேல ஏறினா என்ன செய்யிறது?"

அன்று சில்லை இறுக்கிப் பிடித்தது அந்த ஹேண்ட் பிரேக்தான். நானாவின் வளவிலிருந்து புறப்படும்போது அதை மறுபடி விடுவித்தது என் கைதான். நான் முதலே விடுவித்தது எப்படித் திரும்ப இழுபட்டுக் கிடக்கிறது என்று அந்தக் கை யோசிக்கவில்லை. என் மேல் லொறி ஏறிவிடக் கூடாது என்று அவர் செய்ததை அவரிடம் எப்படிச் சொல்வது? "வேண்டாம் அப்பா, நான் படுக்கேல்லை" என்றேன். அம்மாவிடம், நான் படித்தது போதவில்லை என்று சொன்னேன். அது பொய்யும் இல்லை.

அடுத்த நாள் கரையில் அப்பா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். "லொறி லிமிடெட்தான். மகள் பார்த்தவள். மண்தான் இந்த முறை சரியில்லை."

அதன்பின் லொறி தார் றோட்டிலேயே நின்றது. அப்பா பழையபடி மணலில் பெட்டி சுமந்தார். நானும் தூக்கப் போனால் ஏசுவார். "படிச்ச பிள்ளை பெட்டி தூக்கக் கூடாது. ஏறி இரு." ஏறி இருந்தேன், மூன்று வருடம். கண்ணாடியில் அவர் சின்னதாகத் தெரிந்து, சாய்ந்து சாய்ந்து பெரிதாகி வருவார். எனக்கு நகரில் வேலை கிடைத்து, வேறு லொறி பார்ப்போம் என்று வாய் திறந்தபோது, முழங்கால் முந்திவிட்டது.

கிளினிக்கில் டொக்டர் என்ன செய்கிறது என்று கேட்டார்.

"ஒண்டு நிக்குது, மற்றது வழுக்குது. எங்கட லொறி மாதிரி, ஓப்பன்" என்றார் அப்பா.

நான் திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

டொக்டருக்கு விளங்கவில்லை. அப்பா என்னைக் காட்டினார். "மகளைக் கேளுங்கோ. படிச்சவள்." பிறகு அறிக்கையை என் கையில் தந்தார். "நீ வாசிச்சுச் சொல்லு பிள்ளை. இது திரும்பப் பெட்டி தூக்குமோ?"

வாசித்தேன். எழுத்தெல்லாம் தெரிந்தது.

"எனக்குத் தெரியாது அப்பா" என்றேன். "டொக்டரைக் கேப்பம்."

அப்பா அறிக்கையைத் திரும்ப வாங்கி மடித்தார். பிறகு கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். இப்போது வீட்டுக்கு யார் வந்தாலும் இந்தக் கதைதான். "கேட்டியளோ, என்ர மகளுக்குத் தெரியாத ஒண்டு உலகத்தில இருக்காம். அது என்ர காலுக்கையாம்!" வந்தவர்கள் சிரிப்பார்கள், அம்மாவும் சிரிப்பார். நான் தேத்தண்ணி ஊற்றுகிற சாட்டில் குசினிக்குள் போய்விடுவேன்.