மூன்று கியர் பின்னால், ஒரு கியர் முன்னால்

இலங்கையின் ஊவா மலையிலேயே ஜீப்பின் அச்சைக் கழற்றித் திருப்பிப் போடத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். பொய். நான் ஜாக்கி அமுக்கியவன். அதையும் கோணலாக வைத்துப் பேச்சு வாங்கியவன். திருப்பிப் போட்டவர் எங்கள் தேயிலை ஸ்டோரில் மெஷின்களைப் பழுது பார்க்கும் பிட்டர். ஊரே அவரை ‘ரிவஸ்’ என்றுதான் கூப்பிட்டது. மலையைப் படைத்த கடவுள் ரோட்டை மறந்துவிட்டார் என்று கடவுளிடமே சண்டைக்குப் போகக்கூடிய மனுஷன் உலகத்தில் அவர் ஒருவர்தான்.

பசறைக்கு மேலே எங்கள் தோட்டம். அதன் உச்சியில் மேல் கணக்கு என்கிற மேல்பிரிவு, அதில் தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள். அங்கே போவது ரோடு இல்லை, கல் குவியல். தோட்டத்தை நடத்தும் துரையின் நாய்க்கு வயிறு சரியில்லை என்றால் துரையின் ஜீப் பதுளைக்குப் பறக்கும். லயத்து ஆளுக்கு நோய் என்றால் கம்பளியைக் கம்பில் கட்டித் தூளி மாதிரித் தூக்கி இறங்க வேண்டும். அப்படி இறங்கும்போதுதான் ரிவஸின் தங்கை பிரசவ வலியில் செத்துப்போனாள். தூக்கியவர்கள் அது தெரியாமல் இன்னும் வேகமாக நடந்தார்களாம்.

அதற்குப் பிறகு ரிவஸ் சும்மா இருக்கவில்லை. பதுளையில் பழைய இரும்புக் கடை நானாவிடம் ஒரு பட்டாளத்து ஜீப்பின் எலும்புக்கூட்டைப் பிடித்தார்.

“இது ஓடுமா நானா?” என்று கேட்டேன்.

“ஓடினா நான் ஏன் தம்பி விக்கிறேன்?”

முன் சில்லுகளை இழுக்கும் தண்டை எவனோ முன்பே கழற்றியிருந்தான். பின் சில்லுகளை மட்டும் நம்பி ரிவஸ் எஞ்சினுக்கு உயிர் கொடுத்தார். ஆனால் மேல் கணக்குப் பாதையில் வண்டியின் வயிறு கல்லில் தட்டியது. ஸ்பிரிங் பிளேட்டுகள் அச்சுக்கு அடியில் இருந்தன. அவற்றை மேலே ஏற்றினால் வண்டி உயரும். அதற்கு, பிளேட்டு உட்காரும் மேடையை வெட்டி மேல்பக்கம் ஒட்ட வேண்டும். ஒட்டுவதற்கு வெல்டிங் காஸ் கேட்டோம். இல்லை என்றார் துரை.

ரிவஸ் ஒரு பீடி முடியும்வரை யோசித்தார். “மேடைய ஏன்டா மாத்தணும்? அச்சையே குப்புறப் போடு, மேடை தானா மேல வந்துரும்!”

போட்டோம். பின்பக்கம் தூக்கி, மூக்கு தாழ்ந்து, முட்டையிடப் போகும் வாத்து மாதிரி நின்றது. நான் பின்னால் நின்று, “ரைட், போங்கண்ணே!” என்று கையைக் காட்டினேன். முதல் கியர் போட்டார். வண்டி என்னை நோக்கி வந்தது. நான் ஓட, அது துரத்த, இருவரும் கங்காணியின் போஞ்சிப் பாத்திக்குள் போய் விழுந்தோம். அச்சைக் குப்புறப் போட்டால் உள்ளேயிருக்கும் பல்சக்கரமும் பக்கம் மாறி, சில்லு எதிர்ப்பக்கம் சுற்றும் என்பது எங்கள் இரண்டு மூளைக்கும் தெரியாது. இப்போது பின்னால் போக மூன்று கியர். முன்னால் போக ஒன்று.

“ஏன்டா வண்டி பின்னால வருது?” என்று கத்தினார் கங்காணி.

“வண்டி சரியாத்தான் போகுது கங்காணி. நாமதான் திரும்பி உக்காந்திருக்கோம்” என்றார் ரிவஸ்.

“பழையபடி மாத்திருவோம்ணே” என்றேன் நான்.

“மாத்துனா வயிறு தட்டும். எனக்கு மேல ஏறணும்டா.”

ஏறியது, முதுகைக் காட்டிக்கொண்டே. முதலில் ஏறிப் படுத்தது வலி கண்ட என் பெண்சாதி. ரிவஸ் பின்னால் திரும்பி அவள் பக்கம் பார்த்துக்கொண்டே வண்டியை இறக்கினார். அவள் வலியிலும் கத்தினாள்: “என்னைய பாக்காதீங்கண்ணே, ரோட்ட பாருங்க!”

“ரோடு ஒனக்குப் பின்னாலதான் தங்கச்சி இருக்கு!”

பாதி வழியில் துரையின் ஜீப் எதிரே ஏறி வந்தது. எங்கள் வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு, நாங்கள் அவருக்கு முன்னால் மேலே போவதாக நினைத்து, சீக்கிரம் போ என்று ஹோன் அடித்தார். நாங்கள் அவர் மேலேயே இறங்கினோம். ஒதுங்க இடமில்லை. துரை கீழே சந்திவரை ரிவஸிலேயே போனார். கொழுந்து எடுத்த பெண்கள் சிரித்தார்கள். பதுளை ஆஸ்பத்திரியில் என் மகன் நல்லபடியாகப் பிறந்தான்.

அந்தச் சிரிப்பைத் துரை மறக்கவில்லை. அனுமதி இல்லாத வண்டி, வெட்டிப் போடு என்று உத்தரவு வந்தது. ஒட்டுவதற்கு இல்லாத காஸ் வெட்டுவதற்கு மட்டும் இருந்தது. வெட்டச் சொன்னதும் ரிவஸையே. பிட்டர் அவர்தானே! வெல்டிங் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார், அவர் கண் எனக்குத் தெரியவில்லை.

“நேரா வெட்டுறேன்டா. கோணலா வெட்டுனா பெறகு ஒட்டக் கஷ்டம்.”

ஒட்டுவதற்குள், தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பும் ஒப்பந்தத்தில் அவருக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. பார்த்தே இராத ஊருக்குத் ‘திரும்பிப்’ போகிறாராம். பதுளை ஸ்டேஷனில் ரயில் ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்து, “டேய், அந்த அச்ச எங்க வச்சிருக்கேன்னா...” என்று ஆரம்பித்தார். அப்போது பார்த்து ரயில் ஊதி...

இருங்கள், பெண்சாதி கூப்பிடுகிறாள்.

“என்னங்க, எழுதுனது போதும்! மேல் கணக்குலருந்து ஒரு புள்ளத்தாச்சியத் தூக்கிட்டு வர்றாங்களாம். கம்பு புடிக்கத் தோளு பத்தலையாம்.”

போகிறேன். கம்பு தோளை அழுத்தும்போதெல்லாம், எங்களை விட்டுப் போன அந்த மனுஷனை வாய் கூசாமல் திட்டிக்கொண்டேதான் நடப்பேன். இன்றைக்கும் திட்டுவேன்.