பயோடேட்டாவின் ஏழாவது வரி

கேசரித் தட்டு வரும் என்று நினைத்துக் கையை நீட்டிய அறிவரசனிடம் கீபோர்டைக் கொடுத்தார் முத்துசாமி.

“தம்பி, இத கொஞ்சம் பாருங்களேன். புது லினக்ஸுக்கு மாத்துனதுலேந்து லாகின் படமே வரல. பேரு, பாஸ்வேர்டு கேக்குற அழகான பக்கம் ஒண்ணு வருமே, அது. இப்ப வெறும் கறுப்பா நிக்குது.”

கூடத்து மூலையில் கம்ப்யூட்டர் இருந்தது. கறுப்புத் திரையின் உச்சியில் ஒற்றை வெள்ளை வரி, அதன் முனையில் சிமிட்டும் ஒரு கோடு.

அறிவரசன் வந்தது முத்துசாமியின் மகள் இலக்கியாவைப் பெண் பார்க்க. சட்டை கசங்கிவிடும் என்று பெரம்பலூரிலிருந்து உடையார்பாளையம் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவன். வயது முப்பத்துமூன்று, இது எட்டாவது இடம். முதல் ஏழும் தட்டிப்போனதால், எடுப்பாக இருக்கட்டும் என்று பயோடேட்டாவின் ஏழாவது வரியில் ‘லினக்ஸ் நிபுணர்’ என்று சேர்த்திருந்தான். உண்மையில் அவன் ஒரு கல்லூரி அலுவலகத்தில் ஹால் டிக்கெட் அச்சடிப்பவன். கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் போன் செய்வான். யாராவது வந்து பார்ப்பார்கள்.

ஆனால் இந்த இடம் தட்டிப்போகக் கூடாது. இலக்கியாவின் போட்டோவை இரண்டு வாரமாகப் போனில் திறந்து திறந்து பார்த்திருக்கிறான். பாவம், மனசு முழுக்க ஆசை.

“அவனுக்கு இதெல்லாம் தூசிங்க” என்றார் கூட வந்த தாய்மாமன் முருகையன். “அது கெடக்கட்டும், பொண்ணு என்ன பண்ணுது?”

“டீச்சருங்க. ஜெயங்கொண்டத்துல ஒரு ஸ்கூல்ல...”

“நல்லது, நல்லது! லீவு நெறைய கெடைக்கும்” என்று அந்தப் பேச்சை முடித்துவைத்தார் முருகையன்.

அறிவரசன் தனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தான். அணைத்துப் போட்டான். நூறு வரிகள் கடகடவென்று ஓடின.

“பாத்தீங்களா, கைய வெச்ச ஒடனே என்னமா ஓடுது!” என்றார் மாமா.

ஓடி முடித்துப் பழைய கறுப்பிலேயே வந்து நின்றது. முத்துசாமி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினார்.

“ஒயர் லூஸா இருக்கும் சார்” என்று மேஜைக்கு அடியில் புகுந்தான் அறிவரசன். தொங்கிய ஒன்றைப் பிடித்து இழுத்தான். அடுப்படியில் மிக்ஸி நின்றது.

“கரண்டு போச்சா?” என்றது உள்ளேயிருந்து மலர்கொடியின் குரல். பெண்ணின் அம்மா.

அதைச் சொருகிவிட்டு வேறொன்றை இழுத்தான். இருந்த ஒரு வரியும் போய்விட்டது. அந்த ஒரு வரியைத் திரும்பக் கொண்டுவரக் கால் மணி நேரம் ஆனது. சட்டையில் ஒட்டடை.

அடுத்து, திரை கேட்டபடி பேரை அடித்தான்; அது தெரிந்தது. முத்துசாமி சொன்ன பாஸ்வேர்டையும் அடித்தான். ஒரு எழுத்து, ஒரு புள்ளி, எதுவும் தெரியவில்லை.

“கீபோர்டு போச்சு சார்!” என்றான், நோயைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில்.

முருகையன் எதிர்வீட்டுக்கு ஓடி ஒரு கீபோர்டு வாங்கிவந்தார். கீபோர்டோடு அந்த வீட்டு ஆட்கள் நாலு பேரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். மாப்பிள்ளைக்கு வைத்த கேசரி அவர்களுக்குப் போனது.

புதுக் கீபோர்டிலும் பாஸ்வேர்டு தெரியவில்லை. வெறுத்துப்போய் என்டரைத் தட்டினான். கதவு திறந்த மாதிரி உள்ளே போய்விட்டது. அடிக்கிற பாஸ்வேர்டு அங்கே கண்ணுக்குத் தெரியாதாம். அது அவனுக்கு அன்றைக்குத்தான் தெரியும். எதிர்வீட்டார் கை தட்டினார்கள்.

அந்தக் கைதட்டல் அவனைக் கெடுத்தது. லாகின் படத்தையும் கொண்டுவந்துவிடலாம் என்று போனில் தேடி, எங்கோ எவனோ எழுதிவைத்த நீளமான கட்டளையை ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து அடித்தான். கம்ப்யூட்டர் ஒரு கேள்வி கேட்டது. இதில் இருக்கும் எல்லாம் அழியும், சம்மதமா?

“சார், இதுல என்ன இருக்கு?”

“பொண்ணோட அஞ்சு வருஷத்து பாடக் குறிப்பு எல்லாம் இதுலதான் தம்பி இருக்கு.”

“அட, தட்டுடா! நீ பாக்காத லினக்ஸா?” என்றார் முருகையன்.

என்டர் மேல் விரலை வைத்தபடி அறிவரசன் திரும்பிப் பார்த்தான். அடுப்படி வாசலில் ஒரு புடவை நுனி அசைந்து, வெளியே வரலாமா என்பது போல் நின்றது. அந்தப் பெண் இரவுகளில் உட்கார்ந்து எழுதியதை, ஒரு பொய்யைக் காப்பாற்ற அழிப்பதா? கீபோர்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து நின்றான்.

“மன்னிச்சிடுங்க சார். எனக்கு லினக்ஸ் தெரியாது. பயோடேட்டாவுல சும்மா போட்டுட்டேன். தெரிஞ்ச ஆளா பாத்து சரி பண்ணிக்குங்க. நாங்க போயிட்டு வரோம்.”

முருகையன் தலையில் அடித்துக்கொண்டார். எதிர்வீட்டார் கேசரியை வாயில் வைத்தபடி அப்படியே இருந்தார்கள். எட்டாவதும் போயிற்று என்று செருப்பைத் தேடினான் அறிவரசன்.

மலர்கொடி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார். அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அடுப்படிப் பக்கம் திரும்பிச் சத்தமாகச் சொன்னார்:

“அடியே கம்ப்யூட்டர் டீச்சர், வந்த நாலு மாப்பிள்ளையில தெரியாதுன்னு சொன்னது இவரு ஒருத்தருதான், காலையில நீ நிறுத்தி வெச்ச அந்த லாகின் படத்த திரும்பப் போட்டுட்டு, காப்பிய எடுத்துக்கிட்டு வா!”