அக்கா லாரிக்கு நூற்றுக்கு எட்டு

என் மூத்த சகோதரியும், பத்துச் சக்கர லாரி ஒன்றின் உரிமையாளருமாகிய அக்கா அவர்களின் சமூகத்துக்கு, அந்த லாரியைத் தன் லாரி ஆபீஸில் வைத்து நிர்வகிக்கும் தம்பி மிகுந்த வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் என் மனைவியும் சுகம். லாரியும் சுகம், இடது பின்பக்கத்து டயர் ஒன்றைத் தவிர. தங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று தெரிவிக்கவும். 'தாங்கள்' என்று எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் இது தொழில் கடிதம், பல்லைக் கடித்துக்கொண்டு எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். மூன்று வாரமாகத் தாங்கள் போன் செய்யவில்லை. நானாகக் கூப்பிட்டாலும், "நல்லாத்தான் இருக்கேன், நீ வேலையைப் பாரு" என்று வைத்துவிடுகிறீர்கள். டிரைவரைப் பிடித்து விசாரித்தேன். அவன் முதலில் மென்று விழுங்கினான், பிறகு கக்கிவிட்டான். "உங்க அக்கா என்ன சொன்னாங்க தெரியுமாண்ணே? 'சும்மா பாத்துக்கிறவன்கிட்ட வண்டி எங்கேன்னு எந்த வாயால கேக்கறது? மாசக் கடைசியில எதிர் லாரி ஆபீஸுக்கு மாத்திடலாம்னு இருக்கேன், அங்க காசு வாங்கிட்டுப் பாக்கறாங்களாம்'னாங்க" என்றான். அக்கா, அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுச் சேர்த்த பணத்தை என்னை நம்பி லாரியில் போட்டவள் நீ. அந்த லாரி எதிர் ஆபீஸ் வாசலில் நின்றால் நான் எந்தப் பக்கம் பார்த்து உட்காருவது?

தப்பு என்னுடையதுதான். லாரி வாங்கிய அன்று நீ நியாயமாகத்தான் கேட்டாய், "உன் கூலி எவ்வளவுடா?" என்று. நான் பெரிய வள்ளல் மாதிரி, "அக்காகிட்டப் போய்க் கூலியா?" என்றேன். அந்த வள்ளல்தனத்தின் பலனைக் கேள். எங்கள் ஆபீஸில் எந்த வண்டி எந்த வரிசையில் லோடு ஏற்றும் என்று கரும்பலகையில் எழுதுபவர் நம் கணக்கர். காதில் எப்போதும் பென்சில் இருப்பதால் எங்களுக்கு அவர் பென்சில்காரர். வண்டி முதலாளிகள் ஆபீஸுக்குத் தரும் கட்டணத்தின் பதிவேட்டைப் பார்த்துத்தான் அவர் வரிசை எழுதுவார். கட்டணம் இல்லாத உன் லாரி பதிவேட்டில் இல்லை, அதனால் பலகையிலும் இல்லை. இதை நான் கண்டுபிடிப்பதற்குள் பதினோரு நாள் ஆபீஸ் கொட்டகைக்குப் பின்னால் வண்டி நின்று, தார்ப்பாய் மேல் ஒரு பூனை மூன்று குட்டி போட்டுவிட்டது. பென்சில்காரரைச் சத்தம் போட்டேன். "கணக்குல இல்லாத வண்டிக்கு வரிசை ஏதுங்க?" என்றார் அந்த மனிதர், சாந்தமாக. உன்னிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சரி, உனக்குத் தெரியாமல் நானே ஒரு கட்டணம் வைத்து, என் சட்டைப் பையிலிருந்து ஆபீஸ் பெட்டியில் போட்டுவிடலாம் என்று கிளம்பினேன். முதலில் லோடுக்கு இவ்வளவு என்று வைத்தேன். லோடு கூடினால் ஆபீஸுக்கு வரும்படி என்று பென்சில்காரர் உன் லாரியைத் தெருமுனைக்கும் கொட்டகைக்கும் செங்கல் சுமக்க விட்டார், தினம் நாலு நடை, பதினெட்டு நாளில் பிரேக் தேய்ந்து வண்டி பட்டறைக்குப் போயிற்று. பிறகு மாதத்துக்கு இவ்வளவு என்று மாற்றினேன். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் காசு வருகிறதே, பட்டறைக்காரரை அவசரப்படுத்த யாருக்குத் தலையெழுத்து? மூன்று நாள் வேலை பத்து நாள் ஆனது. கடைசியில், மற்றவர்களிடம் வாங்குவது போல வாடகையில் நூற்றுக்கு இவ்வளவு என்பதுதான் நியாயம் என்று புத்தி வந்தது. வண்டி சம்பாதித்தால் எங்களுக்கும் உண்டு, நின்றால் எங்களுக்கும் இல்லை. எல்லோருக்கும் எட்டு, உனக்கு மட்டும் ஐந்து என்று பதிவேட்டில் எழுதினேன். நாலு லாரி வைத்திருக்கும் முதலாளி எட்டிப் பார்த்துவிட்டார். "அக்கான்னா அஞ்சா? அப்ப நானும் இன்னைலேர்ந்து உங்களுக்கு அண்ணன்" என்றார். சாயங்காலத்துக்குள் செய்தி பரவி, என் மகன் வயதுள்ள ஒரு முதலாளி வரை என்னைத் "தம்பி" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டான்.

ஆகவே முடிவாகத் தெரிவிப்பது: நூற்றுக்கு எட்டு. டீசல், டயர், ரிப்பேர் எல்லாம் ரசீதில் உள்ளபடி. அதில் நான் ஒரு பைசா வைக்க மாட்டேன். அந்த எட்டைக் கொடுத்துவிட்டு, வண்டி எங்கே, ஏன் நின்றது, யார் அனுமதித்தது என்று எந்த நேரமும் கேட்கலாம், திட்டலாம். தயவுசெய்து திட்டு. இந்த மூன்று வாரமும் உன் குரல் இல்லாமல் எனக்கு ஒன்றும் ஓடவில்லை அக்கா. இனிமேல் இந்த ஆபீஸில் நாம் உரிமையாளர், நிர்வாகி மட்டுமே. உறவை வாசலில் செருப்போடு விட்டுவிடுவோம். முழங்காலுக்குத் தைலம் தடவிக்கொள். உன் ஆசி வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் உத்தரவை எதிர்பார்க்கும்
நிர்வாகித் தம்பி

பி.கு.: உறை ஒட்டப் பசை தேடும்போது நீயே வந்து நின்றாய், லாரியை மாற்றுகிற விஷயத்தை நேரில் சொல்லிவிட. கடிதத்தை என் கையிலிருந்து பிடுங்கி இரண்டு தரம் படித்தாய். கண்ணாடியைத் துடைத்தாய். பிறகு கேட்டாய், "வண்டியை நீ பாத்துக்கிறதுக்கு எட்டு. நியாயம்தான். அம்மா போனப்புறம் உன்னை நான் பாத்துக்கிட்டேனே, அதுக்கு நூத்துக்கு எவ்வளவுடா போடலாம்?" பென்சில்காரர் பழக்கதோஷத்தில் பென்சிலை எடுத்தார், ஒன்றும் எழுதாமல் திரும்பக் காதில் செருகினார். பிறகு, யாரும் சொல்லாமலே எழுந்து, பதிவேட்டில் உன் லாரிக்கு நேராக ஐந்தைத் திருத்தி நான் எழுதியிருந்த எட்டை அழிக்கப் போனார். "அழிக்காதீங்க. அது வண்டிக்கு. இவன் எந்தக் கணக்குலயும் வரமாட்டான்" என்றாய். கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாய். என்னால் உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை, அதனால் குனிந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். லாரி வாங்கி மூன்று மாதத்தில் முதல் தடவையாக இப்போதுதான் கேட்கிறாய், "வண்டி எங்கடா இருக்கு?" இரு, சொல்கிறேன்.