உதிரிபாகக் கடையை விட்டு அப்பா வர முடியாத காரணம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு யாவரும் நலம். உன் நலமும், வயிற்றுக்குள் உதைத்துக்கொண்டிருக்கும் பெரிய மனிதரின் நலமும், துணைக்கு வந்திருக்கும் உன் அம்மாவின் நலமும் அறிய ஆவல். நிற்க. "பிரசவத்தப்ப நீங்களும் பக்கத்துல இருக்கணும்ப்பா" என்று போனில் அழுதாயே, அதற்குப் பதில்: வர இயலாது. வாஷிங் மெஷின் உதிரிபாகக் கடையை விட்டு நான் நகர முடியாதபடி செய்ததே நீதான்.

"சப்ளை வேகமா நடக்கணும்னா எல்லாத்தையும் நீங்களே இழுத்துப் போட்டுக்காதீங்க, சர்வீஸ் பார்ட்னருங்களோட கலந்து செய்யுங்க" என்று உன் கம்பெனிப் பாடத்தை எனக்கும் எடுத்தாய். சரியென்று மெக்கானிக், குடோன்காரர், வேன் டிரைவர் மூவரையும் போனில் ஒரே குரூப்பில் சேர்த்து, சரக்கு இருப்புக் கணக்கையும் திறந்து காட்டினேன். அன்றோடு போயிற்று என் நிம்மதி. முன்பெல்லாம் ஒரு பெல்ட் அறுந்தால் மெக்கானிக் என்னைக் கூப்பிடுவார், நான் குடோன்காரரிடம் கத்துவேன், அவர் டிரைவரிடம் கத்துவார், வாடிக்கையாளர் எல்லோரிடமும் கத்துவார், கடை கலகலவென்றிருக்கும். இப்போது மெக்கானிக் குரூப்பில் ஒரு போட்டோ போடுகிறார், மெஷினைக் கழற்றி முடிப்பதற்குள் வேன் வாசலில் நிற்கிறது. என்னை ஒரு வார்த்தை கேட்பாரில்லை. போன்தான் கெட்டுவிட்டதோ என்று ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் தன் போனிலிருந்து அடித்துக் காட்டி, "நல்லாத்தானே இருக்கு சார், யாரும் கூப்பிடல, அவ்ளோதான்" என்றார். அவ்ளோதானாம்! மனசு கேக்காம நேத்து நானே ஒரு வீட்டுக்கு மோட்டார் அனுப்பினேன். அங்கே ஏற்கெனவே ஒண்ணு போய்ச் சேர்ந்திருக்கு. அந்த வீட்டம்மா போன் பண்ணி, "எங்ககிட்ட மெஷின் ஒண்ணுதாங்க இருக்கு" என்கிறார். இந்தக் குளறுபடியையெல்லாம் நான் இல்லாமல் யார் கவனிப்பது?

உண்மையைச் சொன்னால் எனக்குப் பயமாகவும் இருக்கிறது. நீ வலியில் கத்தும்போது ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று நான் என்ன செய்யப்போகிறேன்? இங்கேயாவது என்னால் ஆகவேண்டியது ஏதோ இருக்கிறதென்று நினைத்துக்கொள்ளலாம்.

ரெண்டு உயிராக நல்லபடி பிரிந்து, குறையொன்றுமில்லாமல் இருக்க என் ஆசிகள்.

இப்படிக்கு,
கடையை விட்டு நகர முடியாத அப்பா

பி.கு.: இதைத் தபாலில் போடச் சொல்லி டிரைவரிடம் கொடுத்தேன். "என்ன சார் விஷயம்?" என்றார், நீ பிரசவத்துக்குக் கூப்பிட்டதை வாய் தவறிச் சொல்லிவிட்டேன். வழக்கம்போல என்னைக் கேட்காமலேயே மூவரும் பேசி முடித்துவிட்டார்கள். கடைச் சாவியை மெக்கானிக் பிடுங்கிக்கொண்டார், என் துணிமணியைக் குடோன்காரர் பையில் திணித்துவிட்டார். இப்போது வேனின் முன்சீட்டில் இருக்கிறேன், கையெழுத்து ஆடினால் அது ரோட்டின் குற்றம். கடிதத்தையும் நானே கொண்டு வருகிறேன். நான் வந்து சேரும்வரை அந்தப் பெரிய மனிதரைக் கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லும்மா.