அம்மனுக்கு எட்டு டெராபைட்

இரண்டு என்று எழுதிய பெட்டிக்குள் இரண்டு இருக்க வேண்டாமா? நீங்களே சொல்லுங்கள்.

தைவானில், தைனான் பக்கத்து மாட்ஸு அம்மன் கோயிலின் தலைவர் குவோவும் அதைத்தான் கேட்டார். வருஷா வருஷம் ஊர்வல வீடியோவை ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போட்டு, தாய்க்கோயிலுக்குக் காணிக்கையாகக் கொடுக்க வேண்டும். காணிக்கையில் குறை இருக்கக் கூடாது.

"பெட்டியில ரெண்டு டெராபைட். கம்ப்யூட்டர்ல ஒண்ணே முக்காலும் சில்லறையும். மிச்சம் எங்கடா யாவ்திங்?"

கோயில் ஆபீஸைப் பார்த்துக்கொள்ளும் யாவ்திங் பெருமூச்சு விட்டான். "டிஸ்க் கம்பெனி ஆயிரம் ஆயிரமா எண்ணுது தலைவரே. நம்ம கம்ப்யூட்டர் ஆயிரத்து இருபத்திநாலு ஆயிரத்து இருபத்திநாலா எண்ணுது. பொருள் அதேதான்."

"எந்த ஊர்ல ஆயிரத்துக்கு இருபத்திநாலு கொசுறு?"

"கம்ப்யூட்டர் ஊர்ல."

"பெரிசா மாத்திட்டு வா. குறை தெரியாது."

நாலு டெராபைட் வந்தது. மூன்றரை சொச்சம் காட்டியது.

"முன்னைவிட டபுளா எடுத்திருக்கே."

"பெரிய டிஸ்க்னா வித்தியாசமும் பெரிசாத்தான் தெரியும்..."

"அவன் வீட்டுலயும் கம்ப்யூட்டர் இருக்கு" என்றாள் பெருக்கிக்கொண்டிருந்த பௌ-யூன் அக்கா. "மிச்சத்தை அங்க ஊத்தி வெச்சிருப்பான்."

"அக்கா, அது சோயா பால் இல்ல."

எட்டு டெராபைட் வந்தது. ஏழேகால் காட்டியது. தலைவர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"அம்மன் சொத்துல கை வெச்சவன் இந்த ஆபீஸ்ல உட்கார முடியாது. அவகிட்டயே கேட்டுடறேன்."

குறி கேட்கும் பிறைக்கட்டைகள் இரண்டையும் சன்னதியில் வீசினார். ஒன்று குப்புறவும் ஒன்று மல்லாந்தும் விழுந்தால் 'ஆமாம்'. "இவன் எடுத்தானா தாயே?"

இரண்டுமே மல்லாந்து விழுந்தன.

"ரெண்டும் மல்லாந்தா அம்மன் சிரிக்கறான்னு அர்த்தம்" என்றாள் பௌ-யூன் அக்கா.

"கேள்வியை மாத்தறேன். நாளைக்குக் காலையில எட்டும் முழுசா இருக்குமா?"

ஒன்று குப்புற, ஒன்று மல்லாக்க.

"ஆமான்னுட்டா. கேட்டியா? இல்லேன்னா வேலை போச்சு."

"எங்கேருந்து தலைவரே கொண்டு வருவேன்?"

"எங்க வெச்சியோ அங்கேருந்து."

மறுநாள் காலை மூவரும் தாய்க்கோயிலுக்குப் போனார்கள். அங்கிருந்த குமாஸ்தா டிஸ்க்கைத் தன் கம்ப்யூட்டரில் சொருகினாள். அது வேறு கம்பெனி கம்ப்யூட்டர். திரையில் முழுசாக எட்டு என்று வந்தது.

"பாத்தீங்களா?" என்றான் யாவ்திங். "இது ஆயிரத்தால வகுக்கற கம்ப்யூட்டர். நான் எதுவுமே செய்யல. குறையே எப்பவும் இல்ல..."

தலைவர் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். பௌ-யூன் அக்கா அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

"விடுப்பா. எடுத்தவங்க எல்லாரும் திருப்பி வைக்கறதில்ல. நீ ராத்திரியே வெச்சுட்டே."