மோட்டாரை எரித்த நீலப் பதக்கம்

அயனம்பாக்கம்,
ஐப்பசி, செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மைத்துனன் ஞானசேகரனுக்கு,

உன் மாமா கங்காதரன் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கு நானும் உன் அக்கா வரலட்சுமியும் உன் அருமை மருமகள் மதிவதனியும் நலம். அங்கே நீயும் ஜெயப்பிரியாவும் குழந்தை கிஷோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஓசூரில் குளிர் ஆரம்பித்திருக்கும். கிஷோருக்குக் காதை மூடிக் குல்லா போடவும். கையில் போனை வைத்துக்கொண்டு இந்த மனுஷன் எதற்குத் தபாலில் எழுதுகிறார் என்று நீ யோசிப்பாய். இந்த வீட்டில் போனில் பேசினால் மூன்று அறைக்கும் கேட்கும். வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால், போன மாதம் உனக்கு அனுப்புவதாக நினைத்து உன் அக்கா வைத்த வத்தக்குழம்பைப் பற்றி நான் எழுதியது அப்பார்ட்மெண்ட் குரூப்புக்குப் போய்விட்டது. பதினேழு பேர் கைதட்டியிருந்தார்கள். அதிலிருந்து எனக்குத் தபால்தான் பாதுகாப்பு.

உன் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. இருந்திருந்தால் குல்லாவைப் பற்றி எழுதுவதற்கு முன்பே அதை எழுதியிருப்பேன். ஆனாலும், போன வருஷம் மதிவதனியின் பிறந்த நாளுக்கு எல்லா மாமனையும் போல ஒரு சுடிதார் எடுத்துக் கொடுக்காமல், குறடும் கம்பியும் மணி கோக்கும் ஊசியும் அடங்கிய பெட்டியை வாங்கிக் கொடுத்தது நீதான் என்பதை இந்த இடத்தில் பதிவு செய்கிறேன். அந்தப் பெட்டியைத் திறந்தவள்தான், போரூரில் ஏசி ரூமில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டுக் கல் நகை செய்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டாள். சரி, செய்யட்டும், கைவேலை சுத்தமாக இருக்கிறது, அதை நானே ஒப்புக்கொள்கிறேன். முப்பது வருஷம் அம்பத்தூர் எஸ்டேட்டில் போல்ட் நட்டுக்குத் தரம் பார்த்தவன் நான், அவள் போடும் கம்பி வளையத்தில் எனக்கு ஒரு குறை கண்டுபிடிக்க முடியவில்லை. சிக்கல் கல்லில் இருக்கிறது. கரூர்ப் பக்கம் ஒரு பெண்கள் குழு இருக்கிறதாம், அவர்களிடம்தான் வாங்குவாள். பிள்ளைகளை வேலை வாங்காமல், கூலியில் கை வைக்காமல், தோண்டிய குழியைத் திரும்ப மூடிவிட்டு எடுத்து வந்த கல்லாம். இதையெல்லாம் ஒரு சின்ன அட்டையில் அச்சடித்து ஒவ்வொரு நகையோடும் கட்டித் தொங்கவிடுகிறாள். கல் எங்கே பிறந்தது, யார் எடுத்தார்கள், யார் பட்டை தீட்டினார்கள் என்று ஒரு ஜாதகமே அதில் இருக்கிறது. நமக்குத் தெரிந்த மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள்கூட இவ்வளவு விவரம் சொன்னதில்லை.

ஆனால் வாடிக்கையாளர் என்று ஒருவர் வர வேண்டுமே. ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்கள் கேட்டுக்குப் பக்கத்தில் கீரைக்காரருக்கும் இட்லி மாவு விற்பவருக்கும் நடுவில் ஒரு மேஜை போட்டு அவளும் நானும் உட்கார்ந்தோம். வருகிறவர்கள் எல்லாரும் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள், பிறகு ஒரே கேள்வி: "இது எந்த ராசிக்கும்மா?" இவள் சிரித்துக்கொண்டே, "எந்தச் சட்டைக்கு வேணும்னாலும் போடலாம் ஆன்ட்டி" என்பாள். ஆன்ட்டி மாவு வாங்கிக்கொண்டு போய்விடுவார். நான் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தேன். ஏனென்றால் தீபாவளிக்குள் வாடிக்கையாளர் பிடிக்காவிட்டால் பெங்களூரில் கூப்பிடுகிற கம்பெனிக்குப் போய்விடுவதாக அவளே எங்களிடம் வாக்குக் கொடுத்திருக்கிறாள். அந்தக் கம்பெனிக்கு இந்த வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

இந்த நேரத்தில்தான் பி பிளாக் பத்மா வந்தார். ஒரு நீலப் பதக்கத்தைக் கையில் எடுத்தார். அது நீலமாக இருக்கிறதே தவிர நீலக்கல் இல்லையாம். மதிவதனி அதற்கு ஒரு பெயர் சொன்னாள், எனக்கு வாயில் நுழையவில்லை. பத்மா, "நீலம்னா சனியோட கல்லாச்சே, தலகாணிக்கு அடியில வச்சுப் பாத்துட்டுத்தான் வாங்கணும், ஒத்துக்கலேன்னா திருப்பிக் குடுத்துடுவேன்" என்றார். மதிவதனி வாயைத் திறப்பதற்குள் நான், "தாராளமா வச்சுப் பாருங்கம்மா" என்று சொல்லிவிட்டேன். இதில் என்ன தப்பு, நீயே சொல். எங்கள் கம்பெனியில் சாம்பிள் கொடுக்காமல் ஒரு ஆர்டர் பிடித்ததுண்டா? போல்ட்டைக் கொடுப்போம், அவர்கள் முடுக்கிப் பார்ப்பார்கள், பிடித்தால் லாரி லாரியாகக் கேட்பார்கள். நகைக்கும் அதே கணக்குத்தானே என்று நினைத்தேன். மதிவதனி என்னை ஒரு பார்வை பார்த்தாள். உன் அக்கா பார்ப்பாளே, அதே பார்வை, இருபது வயசு குறைவாக.

சாம்பிள் கொடுக்கிறார்கள் என்ற செய்தி லிஃப்டை விட வேகமாக மாடி மாடியாக ஏறியது. அடுத்த ஞாயிறு மேஜையே காலி. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த வாரம் பூராவும் எங்கள் குடியிருப்பில் எல்லாத் தலையணைக்கு அடியிலும் உன் மருமகளின் நகைதான். பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பி வர ஆரம்பித்தது. பத்மா பதக்கத்தைக் கொண்டுபோன ராத்திரியே பி பிளாக் மோட்டார் புகைந்து அணைந்துவிட்டதாம். அந்த மோட்டார் போன சித்திரையிலிருந்தே இருமிக்கொண்டிருந்தது என்பது வேறு விஷயம். பழி பதக்கத்தின் மேல் விழுந்தது. அசோசியேஷன் செயலாளர் கோவிந்தன் ஒரு மோதிரம் வாங்கிப் போயிருந்தார், அவருக்குக் கும்மிடிப்பூண்டிக்கு மாற்றல் ஆர்டர் வந்துவிட்டது, மோதிரம் திரும்பி வந்தது. சி பிளாக் ரோஷினி பச்சைத் தோடு எடுத்துப் போனாள், அவள் வீட்டுக்காரருக்கு இழுத்துக்கொண்டே இருந்த விசா வந்துவிட்டது. இது நிச்சயம் விலைபோகும் என்று நான் காத்திருந்தால், தோட்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டு, "தேங்க்ஸ் அங்கிள், வந்த காரியம் முடிஞ்சிடுச்சு" என்கிறாள். கெட்டது நடந்தாலும் திரும்புகிறது, நல்லது நடந்தாலும் திரும்புகிறது. இந்த மாதிரி ஒரு ரிஜெக்ஷனை நான் என் சர்வீஸில் பார்த்ததில்லை.

இனி கடையைக் கட்ட வேண்டியதுதான் என்று உட்கார்ந்திருந்தபோது காற்றுத் திசை மாறியது. பத்மா திரும்ப வந்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "அந்த மோட்டார் பதக்கம் இன்னும் இருக்கா சார்?" என்றார். இருக்கிறது என்றேன். "பேக் பண்ணிக் குடுத்துடுங்க. எங்க நாத்தனாருக்குத் தீபாவளிக்குக் குடுக்கலாம்னு. அவ வீட்லயும் மோட்டார் இருக்கு" என்றார். அவர் போன சூட்டோடு கோவிந்தன் வந்தார், அவர் மேனேஜருக்குப் பிறந்த நாள் வருகிறதாம், அதே மோதிரம் வேண்டுமாம், மாற்றல் ஆர்டரில் கையெழுத்துப் போட்டது அந்த மேனேஜர்தானாம். நீ நம்ப மாட்டாய் ஞானசேகரா, சாயங்காலத்துக்குள் வரிசையாக ஆட்கள் வந்தார்கள். மாமியார், ஓர்ப்படி, வீட்டுச் சொந்தக்காரர், மேல் மாடியிலிருந்து தண்ணீர் ஊற்றுகிறவர் என்று ஒவ்வொருவர் மனசிலும் ஒருவர் இருந்தார். முன்பணம் கொடுக்கக்கூடத் தயாராக இருந்தார்கள். நான் எல்லாருக்கும் சரி சரி என்று தலையாட்டிவிட்டுச் சந்தோஷமாக மாடிக்குப் போய், "கண்ணு, வாடிக்கையாளர் கிடைச்சுட்டாங்க" என்றேன்.

அவள் யார் யாருக்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவளுக்கு அது ஒரு பழக்கம். கல் எங்கிருந்து வருகிறது என்று விசாரிப்பதைப் போலவே, நகை வாங்குகிறவரிடமும் "இது எங்க போகுது?" என்று கேட்டுத்தான் பில் எழுதுவாள். நான் மறைக்காமல் சொன்னேன். முடியாது என்றுவிட்டாள். "யார் வயித்தெரிச்சலும் இல்லாம வந்த கல்லுப்பா இது. இன்னொருத்தர் வயித்தெரிச்சலுக்கு இதை நான் குடுக்க மாட்டேன்" என்றாள். போல்ட் வாங்க வந்த எவரிடமும், நல்ல காரியத்துக்குத்தானே முடுக்குவீர்கள் என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. அதோடு விட்டாளா என்றால் இல்லை. மறுநாள் காலையில் லிஃப்டுக்குள் ஒரு தாள் ஒட்டியிருந்தது: 'இந்தக் கற்களால் மோட்டார் எரியாது. விசா கிடைக்காது. நாத்தனார் திருந்த மாட்டார். கழுத்துக்கு அழகாக இருக்கும், அவ்வளவுதான். சாம்பிள் கிடையாது.' கடைசி வரிக்கு அடியில் கோடு போட்டிருந்தாள். அது யாருக்கென்று எனக்குத் தெரியும். அன்றையிலிருந்து பத்மா என்னைப் பார்த்தால் லிஃப்டை விட்டுப் படியில் ஏறிப் போகிறார்.

ஒரே ஒரு வியாபாரம் நடந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். எங்களுக்குப் பால் கொண்டுவரும் அஞ்சலையை உனக்குத் தெரியும், எங்கள் குடியிருப்பு நிற்கிற இடமே ஒரு காலத்தில் அவர்கள் நிலம்தான். நேற்று ஒரு சிவப்புக் கல் தோட்டில் தொங்கிய அட்டையைப் பிடித்துக்கொண்டு, "இன்னா சார் எய்திக்கீது இதுல?" என்றாள். படித்துக் காட்டினேன். குழியை மூடினார்கள் என்ற இடத்தில், "இரு இரு, இன்னொரு தபா சொல்லு" என்றாள். சொன்னேன். "நெசமாலுமா? எங்க கொல்லைல லாரி வச்சு மண்ண அள்ளிகினு போனானுங்களே, ஒருத்தனாவது குயிய மூடிட்டுப் போனானா? எங்க கன்னுக்குட்டி அதுலதான் உயுந்து செத்துச்சு. மூடிட்டு எத்தாந்த கல்லுன்னா எனுக்கு ஒண்ணு குடு சார்" என்றாள். பழக்கதோஷம், நான் வாயைச் சும்மா வைத்திருக்காமல், தலையணைக்கு அடியில் வச்சுப் பார்க்க வேண்டாமா என்று கேட்டுவிட்டேன். "காதுல போட்டுக்கத்தான சார் தோடு? தலகாணிக்கு இன்னாத்துக்கு?" என்று சொல்லி அங்கேயே மாட்டிக்கொண்டு, திருநின்றவூரில் ஏதோ கல்யாணம் என்று போய்விட்டாள். மதிவதனிக்கு அன்று முழுக்கக் கால் தரையில் பாவவில்லை. ஆனால் ஒரு ஆள் வாங்கினால் அது வியாபாரமா? நீயே சொல்.

ஆகவே விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் நீ அவளுக்குப் போன் செய்து, பெங்களூர் வேலைக்குச் சேர்ந்துவிடு என்று புத்தி சொல்ல வேண்டும். நீ சொன்னால் கேட்பாள். அவள் தங்குவதற்கு நல்ல இடமாக ஒரு அறையும் பார்த்து வைக்கவும், தண்ணீர் வருகிறதா என்று குழாயைத் திறந்து பார்க்கவும். இதை நானே அவளிடம் சொல்லலாம்தான். இரண்டு தடவை சொல்லப் போனேன், இருமிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். இந்த ஊர் ஏரிக் காற்று எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. மற்றபடி அவள் போவதில் எனக்குப் பல சௌகரியங்கள் உண்டு. சாப்பாட்டு மேஜையில் சாப்பிட இடம் கிடைக்கும். இப்போதெல்லாம் பருப்பில் கல் கடிபட்டால் அது என்ன கல் என்று பார்த்துவிட்டுத்தான் துப்ப வேண்டியிருக்கிறது. வீடு அமைதியாக இருக்கும். ரொம்ப அமைதியாக இருக்கும். நானும் உன் அக்காவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு டிவி பார்க்கலாம்.

ஜெயப்பிரியாவுக்கு என் அன்பு. கிஷோருக்கு முத்தங்கள். நீங்கள் எல்லோரும் எந்தக் குறையும் இல்லாமல், காலா காலத்தில் தண்ணீர் வந்து, மோட்டார் எரியாமல் நீடூழி வாழ அயனம்பாக்கத்திலிருந்து வாழ்த்துகிறோம்.

உன் அன்பு மாமா,
கங்காதரன்

பின்குறிப்பு: இன்று வியாழக்கிழமை. உறையை ஒட்டிவிட்டேன், பிறகு நானே பிரித்தேன். மேலே எழுதியதில் நலம் விசாரித்ததையும் குல்லாவையும் மட்டும் வைத்துக்கொண்டு மீதியைக் கிழித்துப் போடவும். நேற்றுக் காலையில் அஞ்சலை கல்யாண வீட்டிலிருந்து ஒரு ஷேர் ஆட்டோ நிறையச் சொந்தக்காரப் பெண்களை அழைத்துக்கொண்டு வந்தாள். தோட்டைப் பார்த்து எல்லோரும் கேட்டார்களாம், இவள் தோட்டைப் பற்றிச் சொல்லாமல் குழியைப் பற்றிச் சொன்னாளாம். ஒவ்வொருத்திக்கும் அட்டையை நான் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டியிருந்தது, இன்று குரல் கட்டிப்போயிருக்கிறது. சிவப்புக் கல் மொத்தமும் தீர்ந்துவிட்டது, வீடு குடிபோக, வளைகாப்புக்கு என்று ஆர்டர் வேறு. பெங்களூருக்கு வரவில்லை என்று இன்று காலை மதிவதனி எழுதி அனுப்பிவிட்டாள். ஆகவே நீ போன் செய்ய வேண்டாம், அறைக்கு முன்பணம் எதுவும் கொடுத்துவிடாதே.

இன்னொன்று. யாரும் சீந்தாமல் கிடந்த அந்த மோட்டார் பதக்கத்தைச் செவ்வாய்க்கிழமை, உனக்கு இந்தக் கடிதத்தை எழுதி முடித்தபிறகு, நான் எடுத்து என் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டேன். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது, உனக்கே தெரியும். சும்மா ஒரு தரப் பரிசோதனை. இன்று தலையணை உறை மாற்றும்போது உன் அக்கா அதைக் கண்டுபிடித்து மகளிடம் கொடுத்துவிட்டாள். சாம்பிள் கிடையாது என்று எழுதி ஒட்டியவளாயிற்றே, நேராகப் பில் புத்தகத்தை எடுத்துக்கொண்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். "ஒத்துக்கிச்சாப்பா?" என்று கேட்டாள். ஒத்துக்கொண்டது என்றேன். வழக்கம்போல, "இது எங்க போகுது?" என்றாள். எங்கேயும் போகவில்லை, வீட்டிலேயேதான் இருக்கும் என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு பில்லில் அப்படியே எழுதிக் கொடுத்தாள்.